தோட்டமும் காடும்: இலங்கையின் இயற்கை வருணனை நூல்கள் பற்றிய ஒரு நோக்கு

1

இலங்கையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுந்த நூல்களுள் ஒரு பெரும் பகுதி இந்நாட்டின் இயற்கையழகைப் பாடுவன. அவை உரைநடையில் அமைந்தவையாயினும் மலையையும் அருவியையும் யானையையும் பூங்காவையும் அவை அணுகும் முறை புகழ்ச்சிப் பாட்டின் முறையே என்பதனால், பாடுவன என்ற சொல்லை நாம் தெரிந்தே கையாளுகின்றோம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதலாக வேட்டைக்காரர், நிருவாகிகள், தாவரவியலாளர், தொல்பொருளாய்வாளர், பறவையியலாளர் எனப் பல திறத்தினர் இத்துறைக்குப் பங்களித்துள்ளனர். அவர்களுடைய நூல்களுட் சில இன்றும் மறுபதிப்புப் பெறுகின்றன. அதனினும் முக்கியமானது, சுற்றுலாப் பயணிகளுக்கென வெளிவரும் வண்ணப்பட நூல்கள் தமது சொற்களையும் நோக்கையும் அவற்றிலிருந்தே பெற்றுக்கொள்கின்றன என்பதாகும்.

இந்நூல்களை மதிப்பிடுவதில் இரு போக்குகள் நம்மிடையே காணப்படுகின்றன. இயற்கையழகு எல்லார்க்கும் பொதுவானது, அதிலே சமூக வேறுபாடுகளைத் தேடுதல் வீண் என்பது ஒன்று. இவை குடியேற்றவாதிகளின் ஓய்வுநேர எழுத்துக்கள், மக்கள் இலக்கியம் பற்றிப் பேசுவோர்க்கு இவற்றினால் ஆவதொன்றுமில்லை என்பது மற்றொன்று. முன்னையது நூல்களை வரலாற்றிலிருந்து பிரித்தெடுக்கின்றது. பின்னையது வரலாற்றைச் சுட்டிக்காட்டிவிட்டு, நூல்களைப் படியாமலே விட்டுவிடுகின்றது. இவ்விரண்டும் போதியன அல்ல என்பதே நமது கருத்து. இந்நூல்களை நுணுகிப் படித்தல் வேண்டும். அவ்வாறு படிக்குமிடத்து நாம் எழுப்பவேண்டிய வினா ஒன்றுண்டு: இந்த நிலக்காட்சியிலே உழைக்கும் மனிதன் எங்கே நிற்கின்றான்?

இவ்வினா புதியதன்று. ஆங்கில இலக்கியத்தில் நாட்டுப்புறமும் நகரமும் சித்திரிக்கப்பட்ட வரலாற்றை றேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் வெளியான தமது நூலிலே விரிவாக ஆராய்ந்தபோது, பிரபுக்களின் மாளிகைகளையும் அவற்றைச் சூழ்ந்த சோலைகளையும் புகழ்ந்த கவிதைகள், அவற்றை ஆக்கிய உழைப்பை எவ்வாறு மறைத்தன என்பதைக் காட்டினார். தமிழ் மாணவருக்கு இவ்வினா இன்னும் அண்மையானது. தொல்காப்பியத்தின் திணைக்கோட்பாட்டிலே நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். மரமும் பறவையும் இடம்பெறும் அதே பட்டியலிலே தொழிலும் இடம்பெறுதல் மனங்கொள்ளத்தக்கது. குறிஞ்சியைப் பாடுபவன் வேங்கையை மாத்திரமன்றித் தினைப்புனங் காப்பவளையும் பாடவேண்டியவனாகின்றான். பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974இல் வெளியிட்ட ஆய்வொன்றிலே திணைகளின் பொருளாதார அடிப்படைகளை விளக்கியமை நாம் அறிந்ததே. பிற்காலத்தில் இம்மரபு வெறும் வாய்பாடாகத் தேய்ந்தது உண்மை. எனினும் நிலத்தையும் தொழிலையும் ஒன்றாக நோக்கும் அளவுகோல் ஒன்றை அது நமக்கு விட்டுச்சென்றுள்ளது. அதனைக் கொண்டே மேற்குறித்த நூல்களை நோக்குவோம்.

2

வரிசையில் முதலில் நிற்பவர் சாமுவேல் பேக்கர். நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று பின்னர் உலகப் புகழ் பெற்ற இவர், 1840களின் பிற்பகுதியில் இலங்கைக்கு வந்து, நுவரெலியாவிலே ஆங்கிலேயக் குடியேற்றமொன்றை நிறுவ முற்பட்டவர். துவக்கையும் வேட்டைநாயையும் தலைப்பிற் கொண்ட வேட்டை நூலொன்றையும், 1855இல் வெளிவந்த எட்டாண்டுகால அலைவு பற்றிய நூலையும் அவர் எழுதினார். மலைநாட்டின் குளிர்காற்று, புல்வெளிகள், மரையைத் துரத்தும் நாய்களின் குரைப்பு, மலைச்சரிவிலே வீழும் நீர் ஆகியவற்றை அவர் வருணிக்கும் பகுதிகள் உயிரோட்டமானவை. தாம் நடந்த மண்ணை நன்கு அறிந்த ஒருவரின் எழுத்து அது.

ஆனால், அந்த உயிரோட்டம் எதன்மீது தங்கியுள்ளது என்பதை நாம் கேட்டாகவேண்டும். பேக்கரின் காடு ஆளற்ற காடு. அங்கே தடங் காட்டுவோரும் சுமை தூக்குவோரும் காடு வெட்டும் கூலியாட்களும் வருகின்றனர்; ஆயினும் அவர்கள் வேட்டைக்காரனின் கருவிகளாகவே வருகின்றனர். ஆளற்ற காடு என்னும் இக்கற்பனை அக்காலத்தில் இலக்கியக் கற்பனையாக மாத்திரம் இருக்கவில்லை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், காடுகளும் பயிரிடப்படாத நிலங்களும், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியன என விதித்தது. தலைமுறை தலைமுறையாகச் சேனைப் பயிர்ச்செய்கைக்கும் மேய்ச்சலுக்கும் கிராமத்தவர் பயன்படுத்திவந்த நிலங்கள், உறுதி காட்ட இயலாமையால் அவர்களது கையை விட்டு நழுவின. அந்நிலங்கள் கோப்பித் தோட்டங்களாகுமாறு விற்கப்பட்டன. வாங்கியோருள் அரசாங்க உயர் அதிகாரிகளும் இருந்தனர். சட்டம் உரிமையாளரற்ற நிலம் என்று கூறியதையே வருணனை நூல் மனிதர் கால்படாத கன்னிக்காடு என்று கூறியது. இரண்டும் ஒரே நிலத்தைப் பற்றிய கூற்றுக்களே.

பேக்கரின் வேட்டை உற்சாகம் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்றிடம் இல்லை. 1845 முதல் 1850 வரை குடியேற்ற நாட்டுச் செயலாளராகப் பதவி வகித்த இவர், 1859இல் இலங்கை பற்றி இரு பெருந் தொகுதிகளையும், 1861இல் இந்நாட்டு விலங்கியல் பற்றிய தனி நூலையும் வெளியிட்டார். பறவை, ஊர்வன, பூச்சி என ஒவ்வொன்றையும் பற்றிப் பலரிடமிருந்து செய்திகளைத் திரட்டி ஒழுங்குபடுத்திய அவரது உழைப்பு மதிக்கத்தக்கது. இன்றும் ஆய்வாளர் அந்நூல்களை நாடுவர். அவர் தரும் செய்தி ஒன்று நமது நோக்கிற்கு இன்றியமையாதது. யானைகளைக் கொல்வோர்க்கு அரசாங்கம் வெகுமதி வழங்கியது. 1848க்கு முற்பட்ட மூன்றாண்டுக்குங் குறைந்த காலத்தில், வட மாகாணத்தில் மட்டும் 3500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன. 1851க்கும் 1856க்கும் இடையில் தென் மாகாணத்தில் ஏறத்தாழ 2000 கொல்லப்பட்டன. யானையின் அறிவையும் அமைதியையும் வியந்து பக்கம் பக்கமாக எழுதியவரின் நூலிலேயே இக்கணக்கும் இடம்பெறுகின்றது. வியப்பு ஓர் அத்தியாயம். நிருவாகம் இன்னோர் அத்தியாயம். இவ்விரண்டையும் இணைத்து நோக்கும் ஆற்றல் நூலாசிரியருக்கு இல்லாமற்போனமைக்குக் காரணம் அவரது தனிப்பட்ட குணமன்று. அவர் நின்ற இடமேயாகும்.

இங்கே இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. வேட்டைக்காரர் விளையாட்டுக்களமாகக் கண்ட வடபகுதிக் காட்டினூடாகவே, மன்னாரில் வந்திறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர் மாத்தளை நோக்கி நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் அவ்வழியில் மடிந்தோர் பலர். ஒரே காலம்; ஒரே காடு. ஒரு சாராரின் நடை நூலாகியது. மற்றச் சாராரின் நடை நாட்டார் பாடல்களிலும் வாய்மொழி நினைவுகளிலும் மாத்திரமே எஞ்சிற்று.

3

காட்டிலிருந்து தோட்டத்துக்கு வருவோம். பேராதனைத் தாவரவியற் பூங்கா 1821இல் நிறுவப்பட்டது. 1881ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்த ஜேர்மானிய விலங்கியலாளர் ஏர்ண்ஸ்ற் ஹெக்கல் உட்பட, அங்கு சென்ற எழுத்தாளர் பலர் அதனைப் பூலோக சுவர்க்கமாகவே கண்டனர். ஆனால் இப்பூங்காக்கள் கண்ணுக்கு விருந்தளிப்பதற்காக மாத்திரம் அமைக்கப்பட்டவை அல்ல. இன்று ரோசாச் செடிகளுக்குப் பெயர்போன ஹக்கலைப் பூங்கா, 1861இல் சிங்கோனாப் பயிரைப் பரிசோதிப்பதற்கென அமைக்கப்பட்டது. மலேரியாவுக்கு மருந்தாகிய குயினின் அதன் பட்டையிலிருந்தே பெறப்பட்டது. அம்மருந்தின்றி வெப்பநாடுகளிற் படைகளையும் நிருவாகத்தையும் நிலைநிறுத்துதல் பேரரசுக்கு எளிதாக இருந்திராது. பிரேசிலிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட விதைகளிலிருந்து கியூ பூங்காவில் வளர்க்கப்பட்ட இறப்பர்க் கன்றுகள் 1876இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, ஹெனரத்கொடப் பூங்காவில் நடப்பட்டன. ஆசிய இறப்பர்ப் பெருந்தோட்டங்களின் வரலாறு இத்தகைய பூங்காக்களிலேயே தொடங்குகின்றது.

பூங்காவுக்கும் பெருந்தோட்டத்துக்கும் இடையிலான இவ்வுறவை நூல்களின் தலைப்பிலேயே காணலாம். பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளராகப் பணியாற்றிய எச். எவ். மக்மிலன் 1910இல் வெளியிட்ட புகழ்பெற்ற கைந்நூலின் தலைப்பு, வெப்பவலயத்துத் தோட்டக்கலையையும் பெருந்தோட்டச் செய்கையையும் ஒருசேரக் குறிக்கின்றது. துரையின் பங்களா முற்றத்துப் பூச்செடியும் அப்பாலுள்ள மலைச்சரிவின் தேயிலையும் ஒரே அட்டைக்குள் அடங்குகின்றன. அந்நூல் செய்முறை அறிவின் களஞ்சியம் என்பதில் ஐயமில்லை. பூங்கா அழகுக்குரியது, தோட்டம் இலாபத்துக்குரியது என்று பிரித்துப் பேசுவது பின்வந்தோரின் வழக்கம். மக்மிலன் அவ்வாறு பிரிக்கவில்லை.

இவ்விடத்திலே கலைஞர் குடும்பமொன்றை நினைவுகூர்தல் தகும். பேராதனைப் பூங்காவில் 1823 முதல் பல்லாண்டுகள் ஓவியராகக் கடமையாற்றியவர் ஹர்மனிஸ் த அல்விஸ். அவருடைய மைந்தரும் அப்பணியைத் தொடர்ந்தனர். இலங்கைத் தாவரங்களையும் வண்ணத்துப்பூச்சிகளையும் பற்றிய 19ஆம் நூற்றாண்டின் பேரறிவியல் நூல்களுக்கு இக்குடும்பத்தாரின் ஓவியங்கள் பயன்பட்டன. நூல்கள் இன்று ஐரோப்பிய அறிஞரின் பெயராலேயே வழங்குகின்றன. இலையின் நரம்பையும் சிறகின் புள்ளியையும் கண்டு தீட்டிய கை இந்நாட்டவரின் கை என்பது நூலகப் பட்டியல்களில் எளிதிற் புலப்படுவதில்லை. உடலுழைப்பு மாத்திரமன்றிக் கலையுழைப்பும் மறைந்துபோனமைக்கு இதுவோர் எடுத்துக்காட்டாகும்.

தோட்டம் என்னும் சொல்லை நம் தமிழிலே சற்று நோக்குவது பயன்தரும். யாழ்ப்பாணத்திலே தோட்டஞ் செய்தல் என்பது செம்மண்ணிலே புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் பயிரிட்டு, துலாவினால் நீரிறைத்து முதுகு நோவ உழைத்தலையே குறிக்கும். மலையகத்திலோ தோட்டம் என்பது லயமும் கொழுந்து மலையும் பிரட்டுக்களமும் சேர்ந்த ஒரு வாழ்நிலை. ஓய்வாக உலாவும் இடத்தைக் குறிக்க நாம் பூங்கா என்றும் பூந்தோட்டம் என்றும் வேறாகக் கூறுகின்றோம். இந்நாட்டுத் தமிழ் வழக்கு தோட்டத்தை உழைப்பினின்றும் இன்னும் பிரித்துவிடவில்லை. ஆனால், அதே தமிழ் வழக்கு தோட்டக்காட்டான் என்னும் இழிசொல்லையும் உருவாக்கி வைத்துள்ளது. மலைச்சரிவின் பசுமையை அந்நியர் புகழ்ந்தபோது தொழிலாளியை மறந்தனர் என்று குறைகூறும் உரிமை, இந்த இழிசொல்லை வழக்கிலிருந்து ஒழித்தபின்னரே நமக்கு முழுமையாக உண்டாகும்.

4

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நூல்களின் தொனி மாறுகின்றது. சுட்டுத் தள்ளியவர்களே காக்கவேண்டும் என்று கூறத் தலைப்பட்டனர். 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் அமைக்கப்பட்டது. 1938இல் யாலவும் வில்பத்துவும் தேசிய வனங்களாயின. இக்கால எழுத்துக்களுள் மூன்றினை இங்கு குறிப்பிடலாம்.

லெனாட் வூல்வ் 1904 முதல் 1911 வரை இலங்கைக் குடியியற் சேவையில் இருந்தவர். அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராகப் பணியாற்றியவர். 1913இல் வெளிவந்த அவரது நாவல், காட்டினுள்ளே அமைந்த பெத்தகம என்னும் கிராமம் அழிந்துபோகும் கதை. இயற்கையைப் போற்றும் நூல்களின் வரிசையில் இதனை வைக்கமுடியுமா என்று சிலர் வினவக்கூடும். அவ்வரிசைக்கு மறுப்பாக எழுந்தது என்ற வகையிலேயே நாம் இதனை இங்கு கொள்கின்றோம். வூல்வின் காட்டிலே அழகில்லை. பசியும் தாகமும் அச்சமுமே உள்ளன. ஆங்கிலேயர் எழுதிய நூலொன்றில் வரட்சி வலயக் கிராமத்தவன் கதையின் நடுவிடத்துக்கு வந்தமை ஒரு பெருந் திருப்பமாகும்.

எனினும் இந்நாவலின் உள்ளே ஒரு முரண்பாடு உண்டு. கதை நிகழ்ச்சிகளை நோக்கினால் கிராமத்தை அழிப்பன எவை? சேனை வெட்டும் அனுமதி, அதனைத் தன் கைக்குள் வைத்திருக்கும் கிராமத் தலைவன், கடன், வட்டி, விளங்காத மொழியில் நடக்கும் நீதிமன்ற விசாரணை. இவை யாவும் மனிதர் ஆக்கியவை. காலமும் காரணமும் உடையவை. ஆனால் வருணனையின் மொழியை நோக்கினால் அழிவுக்குக் காரணமாக நிற்பது காடு. அது சூழ்கின்றது, நெருங்குகின்றது, இறுதியில் விழுங்குகின்றது. சட்டமும் கடனும் செய்த வேலையின் பழி காட்டின்மேற் போடப்படுகின்றது. நிருவாகியாக இருந்தபோது தாம் செயற்படுத்திய விதிகளின் விளைவை வூல்வ் கண்டார். ஆயினும் அதனை வரலாறாகக் காட்டாது விதியாகவே காட்டினார். நாவலின் துயரம் நம்மை ஆட்கொள்வதும் அத்துயரம் நம்மைச் செயலற்றவராக்குவதும் இதனாலேயே.

ஜோன் ஸ்ரில் 1930இல் வெளியிட்ட நூலும் இதனோடு ஒப்பிடத்தக்கது. தொல்பொருளாய்வுப் பணியில் ஈடுபட்டிருந்த அவர், பண்டைக் குளங்களையும் நகரங்களையும் காடு மூடிய வரலாற்றைக் கடலின் பெருக்காக உருவகித்தார். காட்டை இத்துணை அன்போடு எழுதியோர் சிலரே. ஆனால் கடற்பெருக்கு இயற்கை நிகழ்ச்சி. குளங்களின் அழிவோ அவற்றைப் பேணிய சமூக ஒழுங்கின் சிதைவினால் விளைந்தது. அழகான உருவகம் சில வேளைகளில் ஆராய்ச்சியின் வாயிலை அடைத்துவிடுகின்றது.

மூன்றாமவர் ஆர். எல். ஸ்பிற்றல். பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்த இச்சத்திரசிகிச்சை நிபுணர் 1924இல் எழுதிய நூலில் காட்டோடு வேடரையும் கண்டார்; அவர்களைத் தேடிச் சென்றார்; அவர்களின் தேய்வைக் கண்டு வருந்தினார். காட்டில் மனிதர் உள்ளனர் என்ற உணர்வு இங்கு தெளிவாக உண்டு. ஆயினும் அம்மனிதர் மறைந்துகொண்டிருக்கும் அரிய உயிரினம் போலவே நோக்கப்படுகின்றனர். மறைவை விதியென ஏற்றுக்கொண்டு இரங்குபவர் அதனைத் தடுக்கும் வழியை ஆராய்வதில்லை.

5

இவற்றுக்கு எதிரே நம்மவரின் எழுத்தை வைத்து நோக்குவோம். 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்றப் பிரதிநிதியாகத் தெரிவுசெய்யப்பட்ட சி. வி. வேலுப்பிள்ளை, இலங்கையின் தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்திலேயே நெடுங்கவிதையொன்றை எழுதினார். துரைமாரும் பயணிகளும் எந்த மொழியில் மலையின் அழகைப் பாடினரோ, அந்த மொழியிலேயே அம்மலையின்கீழ்ப் புதைந்தவர்களை அவர் பாடினார். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலானோரை நாடற்றவராக்கிய பின்னணியில், அவர்கள் இந்நிலத்துக்குரியோர் என்பதை நிறுவும் சாட்சியமாகவும் அக்கவிதை அமைந்தது. கோகிலம் சுப்பையாவின் 1964ஆம் ஆண்டு நாவல் ‘தூரத்துப் பச்சை’. தொலைவில் நிற்பவனுக்கே பசுமை என்று அத்தலைப்புக் கூறுகின்றது; மேற்கூறிய நூல்வரிசை முழுவதற்கும் இதனினும் சுருக்கமான விமர்சனம் வேறில்லை. என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ (1980) என்னும் தொகுதியின் தலைப்பிலே, பயணிக்குப் பச்சைக் கம்பளமாகத் தோன்றுவது கூடையாகவும் நிறையாகவும் கூலியாகவும் மாறிவிடுகின்றது.

காட்டைப் பொறுத்தவரை அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ (1973) குறிப்பிடத்தக்கது. தண்ணிமுறிப்பை நிலைக்களமாகக் கொண்ட இந்நாவலிலே வன்னிக் காடு, வேட்டையும் வயலும் குளமுமாக, வாழ்வோரின் அறிவினூடாகவே நமக்கு அறிமுகமாகின்றது. தாழப் பறக்கும் ஒரு பறவையின் இயல்பு பாத்திரத்தின் இயல்பை விளக்குகின்றது. இங்கே கருப்பொருளும் உரிப்பொருளும் மீண்டும் ஒன்றையொன்று தொடுகின்றன.

இதனைக் கூறும்போது மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. மலையக எழுத்தாளரும் வன்னி எழுத்தாளரும் தராத ஒன்றை ஆங்கில நூல்கள் தருகின்றன. ஒரு மரத்தின் பூ எம்மாதத்தில் மலரும், ஒரு பறவை எந்த உயரத்திற் கூடுகட்டும், எந்த விலங்கு எந்தப் பள்ளத்தாக்கில் முன்பு வாழ்ந்தது என்னும் நுண்ணிய அறிவு அது. இலங்கைப் பறவைகள் பற்றி ஜி. எம். ஹென்றி 1955இல் வெளியிட்ட நூல் போன்றவை அழிந்தனவற்றுக்கும் அழிவனவற்றுக்கும் ஆவணங்களாகும். முற்போக்கு விமர்சகர் சிலர் காட்டை வெட்டி வெல்லப்படவேண்டிய வெற்றுநிலமாகவே கருதினர். காடு வெட்டுதலே முன்னேற்றம் என்று பாடிய கவிதைகளை வரவேற்றனர். காட்டை ஏக்கர்க் கணக்கில் மாத்திரம் கண்ட தோட்டத்துரையின் பார்வைக்கும் அதற்கும் இடையிலுள்ள தூரம் அதிகமன்று. மண்சரிவும் வரட்சியும் முதலில் தாக்குவது மலைச்சரிவின் லயங்களையும் வரண்ட கிராமங்களையும் என்பதனால், இயற்கையைக் காத்தல் உழைப்போரின் கோரிக்கையுமாகும்.

இது பழைய நூல்களோடு முடிந்துபோன விவகாரமன்று. 1983இல் மாதுறு ஓயாத் தேசிய வனம் பிரகடனப்படுத்தப்பட்டபோது, தம்பனை வேடரின் வேட்டைநிலங்கள் அவர்களுக்குத் தடைசெய்யப்பட்டன. பலர் வேறிடங்களிற் குடியேற்றப்பட்டனர்; அவர்களின் தலைவர் திசாஹாமி இடம்பெயர மறுத்துத் தம்பனையிலேயே தங்கினார். காடு காக்கப்பட்டது, காட்டை அறிந்தவன் அத்துமீறுவோனாக்கப்பட்டான். 1840இன் ஆளற்ற காடு 1983இல் இன்னொரு பெயரோடு திரும்பி வந்தது. 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 400க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. யானைகளால் 150க்கு மேற்பட்ட மனிதர் உயிரிழந்தனர். வண்ணப்பட நூல்களிலே யானை குளக்கரையில் அந்திவேளையில் நிற்கின்றது. அக்குளத்தின் மறுகரையில் இரவெல்லாம் பயிர்காக்கும் விவசாயி அப்படத்தின் எல்லைக்குள் வருவதில்லை. அவனையும் யானையையும் ஒரே சட்டகத்துக்குள் காணாத எந்த நூலும் இவ்விருவரையும் காக்க உதவாது.

எனவே இந்நூல்களை நமது பல்கலைக்கழகங்களிலே கற்பிக்கவேண்டும் என்பதே நமது முடிபு. பேக்கரை 1840ஆம் ஆண்டுச் சட்டத்தோடும், மக்மிலனைத் தோட்டத் தொழிலாளர் வரலாற்றோடும், வூல்வைச் சேனை அனுமதிகளின் வரலாற்றோடும் சேர்த்துப் படிப்பித்தல் வேண்டும். அவற்றின் அருகே வேலுப்பிள்ளையையும் இராமையாவையும் பாலமனோகரனையும் வைத்தல் வேண்டும். பறவையின் பெயரையும் அறிந்து, அப்பறவை வாழும் மலையிலே கொழுந்து பறிப்பவளின் நாட்கூலியையும் அறிந்த எழுத்தாளன் ஒருவன் தமிழிலோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ தோன்றும்போது, இந்நாட்டின் நிலத்தைப் பற்றிய முழுமையான முதல் நூலை நாம் பெறுவோம். அவனுக்கு வேண்டிய மூலங்கள் யாவும் ஏற்கெனவே உள்ளன. அவை தனித்தனி அலுமாரிகளிற் கிடக்கின்றன என்பதே குறை.